18,000 டாலர் சம்பளத்தில் லக்ராஸ் கோச்: மகளைத் தடுக்கலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 24 வயது, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம்) ஆடத் தொடங்கி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று தட்டுகளில் கடைசியான டிவிஷன் 3-ல் ஒரு கல்லூரி அணியில் நான்கு வருடம் டிஃபென்ஸ் ஆடிக்கொண்டே பொருளாதாரத்தில் பட்டம் வாங்கினார். ஒரு ஆடிட் நிறுவனத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டார். இப்போது கிழக்குப் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய தனியார் டிவிஷன் 3 கல்லூரியில் பெண்கள் லக்ராஸ் அணிக்கு அசிஸ்டன்ட் கோச். காகிதத்தில் பகுதி நேரம், பத்து மாதத்துக்கு 18,000 டாலர், இன்சூரன்ஸ் இல்லை. மாலையில் ஒரு கிளப்பில் சிறுமிகளுக்குப் பயிற்சி, கோடையில் கேம்ப் என்று மீதியைத் தேற்றிக்கொள்கிறார். வார இறுதிகளில் சொந்தக் காரில் மேரிலாந்து, லாங் ஐலண்ட் என்று பள்ளி மாணவிகளின் டோர்னமென்டுகளைப் பார்க்கப் போகிறார். இரவு பதினொரு மணிக்கும் லேப்டாப்பில் வீடியோ வெட்டிக்கொண்டிருக்கிறார்.

அதே கல்லூரியின் ஆண்கள் லக்ராஸ் அணியில் அசிஸ்டன்ட் கோச் முழுநேர ஊழியர், இன்சூரன்ஸும் உண்டு என்பது அப்பாவுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். "இது சுரண்டல் இல்லையா? வழக்குப் போடலாமா? சம்பளமில்லாத கோச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் நஷ்ட ஈடு என்று செய்தி பார்த்தேனே, அதில் இவளுக்குப் பங்கு உண்டா?" என்று கேட்கிறார். மகள் முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஹெட் கோச், "அடுத்த வருடம் உன்னை முழுநேரம் ஆக்குகிறேன், இரு" என்கிறார். இன்னொரு கல்லூரி, கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாக, அதாவது படித்துக்கொண்டே கோச்சிங் செய்பவராக, வந்தால் இரண்டு வருட முதுகலைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சிறு ஸ்டைபெண்டும் (உதவிப்பணம்) தருவதாகச் சொல்கிறது. அப்பாவுக்கோ மூன்றாவது வழிதான் பிடிக்கிறது: சிபிஏ (நம் ஊர் சி.ஏ. மாதிரி) படித்துவிட்டு ஒழுங்கான வேலைக்குப் போகட்டும். "சென்னையில் சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? பி.டி. மாஸ்டருக்கு எடுபிடி என்றா?"

அன்புள்ள ஐயா,

இந்தக் கடிதம் மகளுக்குத் தெரியாது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். தொழிலாளர் சட்ட வழக்கறிஞராக முதலில் அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கும் சட்ட உரிமைகள் அத்தனையும் அவருடையவை. வழக்கோ புகாரோ, கல்லூரிக்கு ஒரு கடிதமோ, எதுவானாலும் அவர்தான் செய்ய முடியும். நீங்கள் செய்யக் கூடியது, இந்தப் பதிலை அவரிடம் காட்டுவது. அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அது எடுபிடி வேலை அல்ல

ஒரு சிறிய கல்லூரியின் லக்ராஸ் அணியில் அசிஸ்டன்ட் கோச் செய்யும் வேலையில் மைதானத்தில் நிற்கும் நேரம் ஒரு பகுதிதான். எதிரணியின் ஆட்டங்களைப் பார்த்து வீடியோவை வெட்டி, எந்தப் பெண் எந்தக் கையால் எறிகிறாள், டிரா (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துப் போட்டி) எடுப்பவள் பந்தை எந்தப் பக்கம் தள்ளுகிறாள் என்று அறிக்கை எழுதுவது அவர் வேலை. கோல்கீப்பருக்குத் தனிப் பயிற்சி, பஸ், சாப்பாடு, ஹோட்டல் ஏற்பாடு, மாணவிகளின் மார்க் கண்காணிப்பு எல்லாம் அவர் தலையில்தான். எல்லாவற்றுக்கும் மேலே ரெக்ரூட்டிங்: அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு யார் யார் அணிக்கு வரப்போகிறார்கள் என்று தேடிப் பிடிப்பது.

இந்தக் கடைசி வேலையின் மதிப்பு பெற்றோர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. அதனால் அங்கே சேரும் ஒவ்வொரு லக்ராஸ் மாணவியும் கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் மாணவி. மாணவர் எண்ணிக்கை சரியும் சிறிய தனியார் கல்லூரிகள் புதிதாக விளையாட்டு அணிகளைத் தொடங்குவதற்கு முக்கியமான காரணமே இதுதான். உங்கள் மகள் ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால், அவருடைய சம்பளத்தைப் போலப் பல மடங்கு கல்லூரிக்கு வரும். சம்பளப் பேச்சில் அவர் கையில் இருக்கும் நல்ல சீட்டு இது. தான் பேசி, பார்த்து, கூட்டிக்கொண்டு வந்த மாணவிகளின் எண்ணிக்கையை அவர் குறித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்றே குறிக்கச் சொல்லுங்கள்.

டெலிவிஷனில் நீங்கள் பார்க்கும் மில்லியன் டாலர் கோச்சுகள் அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து உலகத்தைச் சேர்ந்தவர்கள். லக்ராஸில் அந்தப் பணம் இல்லை. டிவிஷன் 1-க்குத் தாவினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்கு உடன்பாட்டின்படி, டிவிஷன் 1 கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2 கோடி டாலர் உச்சவரம்பு. அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகும். வருமானம் தராத விளையாட்டுகளின் பட்ஜெட் மேல்தான் அழுத்தம் விழும்.

அதற்காக இது முட்டுச்சந்தும் அல்ல. மேரிலாந்து பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் கேத்தி ரீஸ் அங்கேயே ஆடியவர், பிறகு அங்கேயே அசிஸ்டன்ட்டாக இருந்தவர். டென்வரில் ஹெட் கோச்சாகப் போய்ப் பேர் வாங்கி, 2007 சீசனுக்கு மேரிலாந்துக்குத் தலைமை ஏற்றுத் திரும்பினார். அதற்குப் பிறகு ஐந்து தேசிய சாம்பியன்ஷிப். எல்லோரும் கேத்தி ரீஸ் ஆகிவிட மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் பாதை இதுதான்: நல்ல ஒருவரிடம் அசிஸ்டன்ட், அப்புறம் எங்கோ ஓர் இடத்தில் தலைமைப் பொறுப்பு. நம் ஊரில் ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேருபவரை யாரும் எடுபிடி என்று சொல்வதில்லை. முதல் சில வருடம் அவர் கையில் என்ன வந்தது என்று கேட்பதைவிட, சீனியர் அவரைக் கோர்ட்டில் வாய் திறக்க விட்டாரா என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உங்கள் மகளிடமும் அதையே கேளுங்கள்: டிஃபென்ஸ் முழுவதும் உன் பொறுப்பா? ஆட்டத்தின் நடுவில் மாற்றம் செய்ய உனக்கு அதிகாரம் உண்டா? ரெக்ரூட்டிங் பட்டியல் உன் கையில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் இல்லை என்றால், சம்பளம் இரண்டு மடங்கானாலும் அந்த இடத்தில் இருப்பதில் அர்த்தமில்லை.

குறைந்த சம்பளம் வேறு, சட்ட மீறல் வேறு

ஆண்டுக்கு 35,568 டாலருக்குக் கீழே சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் ஓவர்டைம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு 684 டாலர் என்ற அந்த வரம்பு உண்மைதான். 2024-ல் அதை உயர்த்திய விதியை டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் ரத்து செய்ததால் பழைய தொகையே நிற்கிறது. ஆனால் ஆசிரியர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது. கல்லூரியில் விளையாட்டைக் கற்றுக்கொடுப்பதை முதன்மை வேலையாகக் கொண்ட கோச்சும் ஆசிரியர் என்ற கணக்கில் வரலாம் என்பது தொழிலாளர் துறையின் விளக்கம். அதனால் 18,000 என்ற தொகை மட்டுமே ஒரு சட்ட மீறலைக் காட்டிவிடாது.

அதே விளக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. பள்ளிகளுக்கும் கேம்ப்களுக்கும் போய் மாணவர்களைப் பார்த்துப் பேசி, அணிக்கு ஆள் சேர்ப்பதே ஒருவருடைய முதன்மை வேலை என்றால், அவர் ஆசிரியர் கணக்கில் வர மாட்டார். அதாவது, நீங்கள் மிகவும் புலம்பியிருக்கும் அந்த வார இறுதிக் கார்ப் பயணங்கள்தான் சட்டத்தின் கண்ணில் முக்கியமானவை. எது முதன்மை வேலை என்பதை மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். ஆனாலும் பாதி நேரத்துக்கு மேல் எதில் போகிறது என்பது ஒரு நல்ல அளவுகோல். எனவே அவர் ஒரு நோட்டுப் போட வேண்டும்: தேதி, எத்தனை மணி நேரம், பயிற்சியா, வீடியோவா, ரெக்ரூட்டிங்கா. போனில் எழுதினாலும் போதும்.

இந்த நோட்டு இன்னொன்றுக்கும் பயன்படும். 50 பேரோ அதற்கு மேலோ முழுநேர ஊழியர் உள்ள நிறுவனங்களில், சராசரியாக வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவரை மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் முழுநேர ஊழியராகத்தான் பார்க்கிறது. காகிதத்தில் 'பகுதி நேரம்' என்று இருந்தாலும் இதுதான் கணக்கு. ஹெச்ஆர் துறைக்கு இது நன்றாகத் தெரியும். உங்கள் மகளுக்கும் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கே போடலாமா? என் கருத்து, ஓவர்டைமுக்காக இப்போது வேண்டாம். 42 வாரம், வாரம் 50 மணி நேரம் என்று வைத்தாலும் 18,000 டாலர் மணிக்கு எட்டரை டாலருக்குச் சற்று மேலே வருகிறது. பென்சில்வேனியாவின் குறைந்தபட்சக் கூலி இன்னும் 7.25 டாலர்தான். ஆக, வென்றாலும் கிடைப்பது 40 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கான ஓவர்டைம், சில ஆயிரம் டாலர். புகார் செய்தவரைப் பழிவாங்குவது சட்ட விரோதம். ஆனால் எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சின்ன உலகத்தில் அது எப்படி நடக்கும் என்பதை நிரூபிப்பது கடினம். இரண்டு வருடம், வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று வருடம் வரை இந்த உரிமை காலாவதி ஆகாது. நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

பெட்ரோல் செலவை மட்டும் உடனே கேட்கச் சொல்லுங்கள். வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுவதற்கு வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் 2025-க்கான கணக்கு மைலுக்கு 70 சென்ட். கல்லூரி திருப்பித் தராவிட்டால் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபெடரல் வரியில் ஊழியர்களுக்கு அந்தச் சலுகை 2018 முதல் கிடையாது. முதலில் கல்லூரியிடம்தான் கேட்க வேண்டும்.

நஷ்ட ஈட்டுச் செய்தியைப் பற்றிச் சுருக்கமாக: அது டிவிஷன் 1-க்கு மட்டும். லக்ராஸ் உட்படப் பல விளையாட்டுகளில் ஒரு கோச்சை 'வாலன்டியர்' என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று என்சிஏஏ விதி வைத்திருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது போய்விட்டது. அதற்கு முன்பு அப்படி உழைத்தவர்கள் தொடுத்த கோலான் வழக்கில்தான் 303 மில்லியன் டாலருக்கு 2025-ல் உடன்பாடு. உங்கள் மகள் டிவிஷன் 3, சம்பளம் வாங்குபவர், சேர்ந்ததும் அதற்குப் பிறகு. அவருக்கு அதில் பங்கில்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆண்கள் அணிக்கு மட்டும் ஏன்?

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான விஷயம் இதுதான். நீங்களோ அதை ஒரு வரியில் ஆற்றாமையாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்.

இங்கே இரண்டு சட்டங்கள் தனித்தனியாக வேலை செய்கின்றன. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் நைன் மாணவிகளின் பக்கம் நிற்பது. ஆண்களுக்கு முழுநேர அசிஸ்டன்ட், பெண்களுக்குப் பகுதி நேரம் என்றால், பெண்களுக்குக் கிடைக்கும் பயிற்சியின் தரம் குறைகிறதா என்று அது கேட்கும். 1963-ன் சம ஊதியச் சட்டம் ஊழியரின் பக்கம் நிற்பது. ஒரே கல்லூரியில், கிட்டத்தட்ட ஒரே திறமை, உழைப்பு, பொறுப்பு தேவைப்படும் வேலைக்கு ஓர் ஆணுக்கு அதிகமும் ஒரு பெண்ணுக்குக் குறைவும் கொடுக்கிறார்களா என்று கேட்கும். பதவியின் பெயரை அல்ல, செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். கோச்சுகளின் சம்பளத்தை எப்படி ஒப்பிடுவது என்று வேலையில் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் ஃபெடரல் ஆணையமான இஇஓசி 1997-லேயே தனி வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது.

அவசரப்பட்டு 'பாகுபாடு' என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அந்த ஆண் கோச்சுக்குப் பத்து வருட அனுபவம் இருக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்தையும் அவரே கவனித்துக்கொள்ளலாம், வகுப்பு எடுக்கலாம், அவர் அணியில் ஆள் அதிகம் இருக்கலாம். இவையெல்லாம் நியாயமான காரணங்களாக இருக்கக்கூடும். அவருடைய வேலைக்குக் கல்லூரி வெளியிட்ட விளம்பரத்தைத் தேடி எடுத்து, அதில் உள்ள பொறுப்புகளையும் மகளின் பொறுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டாலே வேலை போய்விடுமோ என்ற பயம் இயற்கை. அலபாமாவில் ராடெரிக் ஜாக்சன் என்ற கோச், தன் பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சம வசதி இல்லை என்று புகார் செய்து, அதனால் பொறுப்பை இழந்தார். அப்படிப் பழிவாங்கினால் டைட்டில் நைன் கீழ் வழக்குத் தொடுக்கலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், உடனே பாயச் சொல்லவில்லை. பாலினப் பாகுபாட்டுப் புகார் என்று போனால் பென்சில்வேனியா மாநில ஆணையத்துக்கு 180 நாள், இஇஓசிக்கு 300 நாள் என்ற கெடு உண்டு. அந்தக் கட்டம் வந்தால் அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒரு வழக்கறிஞரிடம் எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். என்னுடைய இந்தப் பதில் அதற்கு மாற்று ஆகாது.

இரண்டு வழிகளில் எது?

"அடுத்த வருடம் முழுநேரம் ஆக்குகிறேன்" என்று சொல்லும் ஹெட் கோச் மனதாரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதவியை உருவாக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. விளையாட்டுத் துறை இயக்குநரும் நிதி அலுவலகமும் ஒப்ப வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அந்தப் பட்ஜெட்டில் இப்படி ஒரு பதவி கேட்கப்பட்டிருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டால், பதிலிலோ பதில் வராமையிலோ நிலவரம் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஹெட் கோச் வேறு கல்லூரிக்குப் போனாலோ நீக்கப்பட்டாலோ, புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். மே மாதம் நன்றாக ஆடி முடித்த அசிஸ்டன்ட் ஜூனில் வேலை தேடுவது சாதாரணமாக நடப்பது.

கல்லூரியே இருக்குமா என்றும் பார்க்க வேண்டும். மிகைப்படுத்தவில்லை. பிலடெல்பியாவுக்கு அருகே இருந்த கப்ரினி பல்கலைக்கழகம் 2019-ல் ஆண்கள் லக்ராஸில் டிவிஷன் 3 தேசிய சாம்பியன். 2024-ல் அந்தக் கல்லூரியே மூடப்பட்டது. அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் கல்லூரியின் கஜானாவை அது காப்பாற்றாது. மிடில் ஸ்டேட்ஸ் அங்கீகார ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் நிலையும் இருக்கிறது. எச்சரிக்கை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு கல்லூரிகளுக்குமே பார்த்துவிடுங்கள்.

கிராஜுவேட் அசிஸ்டன்ட் வாய்ப்பில் எனக்குச் சாய்வு அதிகம், சில நிபந்தனைகளோடு. கட்டணத் தள்ளுபடியில் இதரக் கட்டணங்களும் கோடை வகுப்புகளும் சேருமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். வகுப்பெடுக்கும் அல்லது ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு உள்ள வரி விலக்கு கோச்சாக இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது; வருடத்துக்கு 5,250 டாலருக்கு மேற்பட்ட தள்ளுபடி சம்பளமாகக் கணக்கிடப்பட்டு, ஸ்டைபெண்டிலிருந்தே வரி பிடிக்கப்படலாம். இது தெரியாமல் போய், அக்டோபர் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. அப்புறம், எந்தப் பட்டம் என்பது. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் மட்டும்தான் என்றால் யோசிக்கலாம். எம்பிஏ, கணக்கியல், டேட்டா அனலிட்டிக்ஸ் மாதிரி ஏதாவது கிடைத்தால், லக்ராஸ் கைவிட்டாலும் பட்டம் நிற்கும். உங்கள் சிபிஏ ஆசைக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். அதற்குத் தேவையான கூடுதல் பாடங்களை இந்த இரண்டு வருடத்திலேயே முடிக்க முடியுமா என்று அவர் பார்க்கலாம்.

சரி, இதற்கெல்லாம் ஒரு கெடு வேண்டாமா? வேண்டும். அதை நீங்கள் வைக்க வேண்டியதில்லை, சட்டமே வைத்திருக்கிறது. உங்கள் இன்சூரன்ஸில் அவர் பொதுவாக 26 வயது வரைதான் இருக்க முடியும். கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாகப் போனால் படிப்பு முடியும் நேரமும் அதுவும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அந்தப் பிறந்தநாளுக்குள் இன்சூரன்ஸோடு கூடிய ஒரு முழுநேரப் பதவி கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோச்சிங்கைப் பகுதி நேரமாக வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும். இப்படி ஓர் உடன்பாட்டுக்கு அவரை அழையுங்கள். இப்போதே சிபிஏவுக்குப் போ என்று கட்டாயப்படுத்தினால், ஆடிட் நிறுவனத்தை விட்ட மாதிரி அதையும் சொல்லாமல் விடுவார்.

சென்னைச் சொந்தக்காரர்களிடம் கல்லூரியில் வேலை, மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஹெட் கோச்சுக்கு நானே போன் செய்து பேசட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அசிஸ்டன்ட் கோச்சின் அப்பா அழைத்தார் என்ற பேச்சு ஒரு வாரத்தில் அந்தப் பகுதியின் எல்லா அணிகளுக்கும் போய்விடும். முழுநேரப் பதவி, மைல் கணக்கு, இன்சூரன்ஸ் ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு பக்க மின்னஞ்சலை உங்கள் மகள் தன் பெயரில் ஹெட் கோச்சுக்கும் ஹெச்ஆருக்கும் அனுப்பட்டும். சீசன் நடுவில் வேண்டாம். பிப்ரவரியில் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கிராஜுவேட் அசிஸ்டன்ட் வாய்ப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி அதற்கு முன்னால் வருகிறது என்றால், இரண்டு வாரம் அவகாசம் கேட்டு அந்தக் கல்லூரிக்கு இன்றே எழுதச் சொல்லுங்கள்.